இலகு ரக இ-மவுண்டன் பைக் மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

இலகு ரக இ-மவுண்டன் பைக், அதாவது மோட்டார் உதவியுள்ள மலை சைக்கிள்: முழு வலு மோட்டார், ஆனால் மொத்த எடை 19 முதல் 22 கிலோவுக்குள். சில ஆண்டுகளுக்கு முன் இந்த எடையில் பைக் வேண்டுமென்றால் மோட்டாரில் விட்டுக்கொடுக்க வேண்டும். ஃபஸுவா ரைடு 60 மோட்டார் போல 60 நியூட்டன் மீட்டர் இழுவையும் (டார்க்) 430 வாட் ஹவர் பேட்டரியும்தான் கிடைக்கும். 2024இல் அந்தக் கணக்கு மாறியது. டிஜேஐ வெளியிட்ட அவினாக்ஸ் மோட்டாரின் எடை 2.52 கிலோ, இழுவை 105 நியூட்டன் மீட்டர், பூஸ்ட் என்னும் உச்ச உதவி நிலையில் 120. அதே ஆண்டு வந்த பாஷ் ஐந்தாம் தலைமுறை பெர்ஃபார்மன்ஸ் லைன் சிஎக்ஸ் சுமார் 2.8 கிலோ, 85 நியூட்டன் மீட்டர். 2025இல் வந்த மென்பொருள் மேம்படுத்தலால் அதை 100 வரை உயர்த்திக்கொள்ளலாம். ஷிமானோ இபி801 சுமார் 2.7 கிலோ, 85 நியூட்டன் மீட்டர்.

மோட்டார்கள் இளைத்தது சில நூறு கிராம்தான். 24, 25 கிலோ பைக் 20க்கு இறங்க மீதி எடை வேறெங்கிருந்தோ போயிருக்க வேண்டும்: சிறிய பேட்டரி, மெல்லிய டயர், இலகு வீல், இலகு கேசட் (பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதி), கார்பன் சட்டம். வலு குறையவில்லை, அந்த வலுவைத் தாங்கும் பாகங்கள் மெலிந்துவிட்டன. "மோட்டார் சரியில்லை" என்று கடைக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த மெலிந்த பாகங்களில்தான் போய் முடிகின்றன. ஆகவே கீழே உள்ள வரிசையில் மோட்டாரைச் சந்தேகிப்பது எப்போதும் கடைசி.

கையில் இருக்க வேண்டியவை: 2 முதல் 20, 10 முதல் 60 நியூட்டன் மீட்டர் வரை அளக்கும் இரண்டு டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து திருகும் கருவி), செயின் தேய்மானத்தை அளக்கும் செயின் செக்கர், ஷாக் பம்ப், டிஜிட்டல் காற்றழுத்த மானி, மரை தளராமல் பிடிக்கும் நீலப் பசை லாக்டைட் 243, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், கிரீஸ். டார்க் ரெஞ்ச் இல்லாமல் கார்பன் சட்டத்தில் கை வைக்காதீர்கள். கைப்பழக்கம் அலுமினியத்துக்குச் சரிப்படும், கார்பனுக்குச் சரிப்படாது.

பட்டனை அழுத்தினால் எதுவுமே எரியவில்லை

பல வாரம் சும்மா நின்ற பைக்கா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பாஷ் ஸ்மார்ட் சிஸ்டத்தில் மேல்குழாயிலுள்ள சிஸ்டம் கன்ட்ரோலருக்குள் ஒரு சின்ன பேட்டரி உண்டு. அது வடிந்துவிட்டால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் அந்தப் பட்டன் வேலை செய்யாது. பேட்டரியிலேயே பட்டன் இருந்தால் அதை அழுத்தி எழுப்புங்கள்; இல்லையென்றால் சார்ஜரைச் செருகுங்கள். ஹேண்டில்பாரில் உள்ள வயரில்லா மினி ரிமோட் மட்டும் செத்திருந்தால் சிஆர்1620 பட்டன் செல்லை மாற்றினால் போதும்.

சார்ஜர் செருகியும் உயிர் வரவில்லையென்றால் பேட்டரியைக் கழற்றிக் கனெக்டரைப் பாருங்கள். பச்சைப் படிவம், சேறு, வளைந்த முள் மூன்றில் ஒன்று இருக்கும். ஈரத்துணியால் துடைத்து, முழுதும் காயவிட்டு, முள்களில் டெக்னிக்கல் வாஸ்லைன் மிக மெல்லியதாகப் பூசுங்கள். கார் ரேக்கில் பேட்டரியைக் கழற்றிவிட்டு மழையில் நெடுஞ்சாலைப் பயணம் செய்தவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். 120 கிலோமீட்டர் வேகத்தில் மழைநீர் எந்த இடுக்கிலும் நுழையும். ஏற்றும்போது கனெக்டரை மூடும் ரப்பர் உறை மலிவானது, வாங்கிவிடுங்கள்.

திரை எரிகிறது, மோட்டார் தள்ளவில்லை

இதில் பாதி, கோளாறே இல்லை. பாஷில் இ-பைக் லாக் என்ற மென்பொருள் பூட்டைப் போட்டிருந்தால், சாவியாகப் பதிவான போன் அருகில் இல்லாதபோது மோட்டார் உதவாது. போனின் புளூடூத் அணைந்திருந்தாலும் அதே கதைதான். நண்பருக்கு பைக்கைக் கொடுத்தனுப்பும்போது இதை மறந்துவிடுவார்கள்.

ஷிமானோவில் டபிள்யூ013 என்று வந்தால், ஆன் செய்யும்போது மிதியில் கால் இருந்திருக்கிறது என்று பொருள். மிதிக்கும் விசையை அளக்கும் டார்க் சென்சார், ஆன் ஆகும் கணத்தில் எதைக் காண்கிறதோ அதைத்தான் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். காலை எடுத்துவிட்டு, அணைத்து, மறுபடி ஆன் செய்யுங்கள். எந்த நிறுவனத்தின் மோட்டாராக இருந்தாலும் காலைத் தரையில் ஊன்றி ஆன் செய்வதே நல்ல பழக்கம். சரிவில் நின்று மிதியை அழுத்தியபடி ஆன் செய்தால் அன்று முழுக்க உதவி குறைவாகவே தோன்றலாம்.

அடுத்தது வேக சென்சார். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் மலையில் பஞ்சர் ஒட்டியபின் வரும் கோளாறுகளில் முதலிடம் இதற்குத்தான். பின்சக்கரத்தில் ஒரு காந்தம் சுற்றுகிறது, சட்டத்திலுள்ள சென்சார் அதை எண்ணுகிறது. காந்தம் பைக்குக்குப் பைக் வேறு இடத்தில் இருக்கும்: ஸ்போக்கில், ரிம்மில், ட்யூப்லெஸ் வால்வைச் சுற்றி, அல்லது பிரேக் டிஸ்க்கில். வால்வு வகையில், பஞ்சரின்போது ட்யூப் போட்டவர் வால்வோடு காந்தத்தையும் கழற்றிப் பையில் போட்டுவிடுவார். டிஸ்க் வகையில், தேய்ந்த டிஸ்க்கை மாற்றும்போது காந்தமில்லாத சாதாரண டிஸ்க் வந்து உட்காரும். இரண்டிலும் அறிகுறி ஒன்றுதான்: பைக் ஓடும்போதும் திரையில் வேகம் பூஜ்யம், மோட்டார் கொஞ்சம் தள்ளிவிட்டு நின்றுவிடும். பாஷ் ஸ்மார்ட் சிஸ்டத்தில் 523005, ஷிமானோவில் டபிள்யூ011 என்று வரும்.

செய்ய வேண்டியது:

1. பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, காந்தம் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.
2. பாஷின் ஸ்போக் காந்தமாக இருந்தால் சென்சாருக்கும் அதற்கும் இடைவெளி 5 முதல் 17 மில்லிமீட்டர். நகர்ந்திருந்தால் சென்சாரின் குறிக்கு நேராகக் கொண்டுவந்து இறுக்குங்கள்.
3. சென்சார் வயர் செயின்ஸ்டேயில் எங்காவது நசுங்கியிருக்கிறதா பாருங்கள்.
4. அணைத்து, ஆன் செய்து, நூறு மீட்டர் ஓட்டுங்கள்.

பின்சக்கரம் 27.5, முன்சக்கரம் 29 என்ற கலப்பு அமைப்புக்கு மாற்றியவர்கள் சக்கரச் சுற்றளவை மென்பொருளில் திருத்தியிருக்க வேண்டும். 29 அங்குலச் சுற்றளவிலேயே விட்டால் திரை 4 சதவீதம் கூட்டிக் காட்டும். 25இல் நிற்க வேண்டிய உதவி 24இலேயே நிற்கும்.

25இல் சுவரில் முட்டியதுபோல் நிற்கிறது

ஐரோப்பாவில் அது சட்டம். 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் மோட்டார் உதவக் கூடாது; அமெரிக்காவில் கிளாஸ் 1 எனப்படும் முதல் வகை இ-பைக்குக்கு அந்த வரம்பு 32. இலகு பைக்கில் இது குறைவாக உறுத்துவதற்குக் காரணம், 20 கிலோவைச் சொந்தக் காலால் 28இல் ஓட்டிவிடலாம், 25 கிலோவில் அது கஷ்டம் என்பதுதான். வேகத்தை ஏமாற்றும் கருவிகளைப் பொருத்தினால் பாஷ் மென்பொருள் கண்டுபிடித்து உதவியைக் குறைத்துவிடும், உத்தரவாதமும் போகும்.

ஏற்றத்தில் வலு இல்லை

85 நியூட்டன் மீட்டர், 600 வாட் என்று அட்டையில் இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் எப்போதும் கிடைக்காது. வலு என்பது இழுவையும் சுழற்சியும் பெருக்கி வருவது. மிதி நிமிடத்துக்கு 40 சுற்று சுற்றினால் 85 நியூட்டன் மீட்டரில் வருவது 356 வாட் மட்டுமே. 600 வாட்டைத் தொட 67 சுற்று வேண்டும். ஆக, கனமான கியரில் நின்று மிதித்துக்கொண்டு "மோட்டார் இழுக்கவில்லை" என்றால் மோட்டார் தன் உச்ச இழுவையில்தான் இருக்கிறது, நீங்கள்தான் அதற்குச் சுழற்சி தரவில்லை. பின்னால் இரண்டு படி பெரிய பல்சக்கரத்துக்கு, அதாவது இலகுவான கியருக்கு மாற்றி 75, 85 சுற்றில் மிதியுங்கள். பெரும்பாலும் புகார் அங்கேயே முடிந்துவிடும்.

முடியவில்லையென்றால் வெப்பம். குறைந்த சுழற்சியில் நீண்ட செங்குத்து ஏற்றம் ஏறும்போது மின்சாரத்தில் கணிசமான பங்கு மோட்டாரின் கம்பிச்சுருளில் சூடாகவே போகிறது. சிறிய மோட்டார் உறைக்குச் சூட்டை வெளியேற்றும் பரப்பும் குறைவு. ஒரு எல்லைக்குமேல் மென்பொருளே வலுவைக் குறைக்கும். ஷிமானோவில் டபிள்யூ010 வரும். பைக் பழுதாகவில்லை. ஒரு கீழ்நிலை உதவிக்கு இறங்கி, சுழற்சியைக் கூட்டி, பத்து நிமிடம் ஓட்டினால் திரும்பிவிடும். சூடான மோட்டார்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். அச்சைச் சுற்றியுள்ள சீல் வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இரண்டும் இல்லையா? பின்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றுங்கள். ஒன்றிரண்டு சுற்றில் நின்றால் பிரேக் பேடு உரசுகிறது. சார்ஜ் மிகக் குறைந்த நிலையிலும் உச்ச வலு கட்டுப்படுத்தப்படும்; அதைக் கோளாறாகக் கொள்ள வேண்டாம்.

பேட்டரி சொன்ன தூரம் வரவில்லை

திரையில் காட்டும் கிலோமீட்டரை விட்டுவிடுங்கள். மலையில் கணக்கு ஏறிய உயரத்தில்தான். 80 கிலோ ஆள், 21 கிலோ பைக், 4 கிலோ பை, மொத்தம் 105 கிலோ. இதை 1,000 மீட்டர் உயர்த்த 286 வாட் ஹவர் வேண்டும். டயர் உருளும் இழப்பையும் சேர்த்தால் சுமார் 340. பூஸ்டில் முக்கால் பங்கை மோட்டார் சுமக்கிறது, அதன் திறன் 80 சதவீதம் என்று வைத்தால், பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 320 வாட் ஹவர் போகும். ஆகவே 600 வாட் ஹவர் பேட்டரியில் பூஸ்டில் 1,800 மீட்டர் ஏறினால் பேட்டரி ஆரோக்கியமாக இருக்கிறது. பாதிப் பங்கை நீங்களே மிதித்தால் 2,800 வரை போகலாம். உங்கள் எடையைப் போட்டு இதே கணக்கைப் பாருங்கள். கணக்கில் வருவதைவிடக் கால் பங்குக்கும் மேல் குறைந்தால் மட்டும் பேட்டரியைச் சோதிக்கக் கொடுங்கள்.

அதற்குமுன் பார்க்க வேண்டியவை: குளிர் (பூஜ்யத்தை ஒட்டிய வெப்பநிலையில் லித்தியம் செல் தன் கொள்ளளவை முழுதாகத் தராது, இரவு பைக் வெளியில் நின்றால் காலைப் பயணம் சுருங்கும்), பின் டயரின் ரப்பர் (மென்மையான ரப்பர் பின்னால் போட்டால் இழப்பு கூடும்), காற்றழுத்தம், உரசும் பிரேக், கறுத்து வறண்ட செயின்.

பாஷில் 600 வாட் ஹவர் பேட்டரி 3 கிலோ, 800 வாட் ஹவர் 3.9 கிலோ. அந்த 900 கிராமைப் பிடித்துக்கொண்டு இலகு பைக் என்று விற்கிறார்கள் என்று குறைபடுபவர்கள் உண்டு. வாரநாளில் இரண்டு மணி நேரம் ஓட்டுபவருக்கு 600 போதும், அந்த 900 கிராம் குறைவது தாவும்போதும் வளைவிலும் தெரியும். ஆல்ப்ஸில் நாள் முழுக்க ஏறுபவர் 800 வாங்கட்டும், அல்லது 250 வாட் ஹவர் கூடுதல் பேட்டரியைத் தேவைப்படும் நாளில் மட்டும் மாட்டட்டும்.

கரடுமுரடான இறக்கத்தில் திடீரென அணைந்துவிடுகிறது

ஏறும்போது ஒழுங்காக ஓடி, கல் நிறைந்த இறக்கத்தில் மட்டும் அணைந்தால் பேட்டரி குழாய்க்குள் ஆடுகிறது. ஒரு கணம் தொடர்பு விட்டுப்போகிறது. பேட்டரியை வைத்துப் பூட்டி, கையால் மேலும் கீழும் அசையுங்கள். சத்தமோ ஆட்டமோ இருந்தால் பூட்டுத் தகட்டின் திருகை இறுக்கி, அடிமுனையிலுள்ள ரப்பர் தாங்கியை மாற்றுங்கள். வெறும் பஞ்சை அடைத்துச் சத்தத்தை நிறுத்துவது வேலைக்கு ஆகாது. அது சத்தத்தை மட்டும் மறைக்கும், கனெக்டரின் முள் தேய்வது நிற்காது.

சில இலகு சட்டங்களில் பேட்டரியை எடுக்க மோட்டாரையே இறக்க வேண்டும், குழாயில் மூடி வைத்தால் எடை கூடும் என்பதால். அவற்றில் இந்தக் கோளாறு அபூர்வம். வந்தால் வீட்டில் பிரிக்க வேண்டாம்.

சத்தங்கள்

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள்: மிதிக்கும்போது மட்டுமா, மிதிக்காமல் இறங்கும்போதா?

மிதிக்காமல் இறங்கும்போது கீழிருந்து "டக டக" என்று வந்தால் மோட்டாருக்குள் இருக்கும் ஒருவழி கிளட்ச்சாக இருக்கலாம். ஷிமானோ இபி8, பாஷின் நான்காம் தலைமுறை சிஎக்ஸ் இரண்டிலும் இது இயல்பு. பாஷ் ஐந்தாம் தலைமுறையில் வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். உறுதிசெய்வது எளிது: இறங்கும்போது மிதியை மெல்ல முன்னோக்கி அழுத்திப் பிடியுங்கள். சத்தம் நின்றால் அது கிளட்ச்தான், பழுதில்லை. நிற்காவிட்டால் சட்டத்துக்குள் ஓடும் கேபிள்கள் சுவரில் அடிக்கின்றன. மோட்டார் மூடியைக் கழற்றி ஃபோம் குழாயை அவற்றின்மேல் ஏற்றுங்கள். மெல்லிய கார்பன் குழாய் மத்தளம்போல ஒலியைப் பெருக்கும், ஆகவே சின்னத் தட்டலும் பெரிய உடைசல்போல் கேட்கும். பயப்பட வேண்டாம்.

மிதிக்கும்போது "கிரீச்" என்றால் இந்த வரிசையில் தேடுங்கள். வரிசை முக்கியம், எளிதானதும் அதிகம் தவறுவதும் முன்னால் இருக்கின்றன.

1. சீட்டிலிருந்து எழுந்து மிதியுங்கள். சத்தம் போனால் சீட் போஸ்ட் அல்லது சீட் கவ்வி. கழற்றித் துடைத்து, கார்பன் சட்டமானால் கார்பன் பேஸ்ட் பூசி, எழுதியிருக்கும் அளவுக்கு இறுக்குங்கள்.
2. மிதிகளைக் கழற்றி மரையில் கிரீஸ் போட்டு 35 முதல் 40 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். இடது மிதிக்கு மரை எதிர்த்திசை.
3. பின் அச்சு. வெளியே எடுத்து, துடைத்து, கிரீஸ் பூசி, அச்சிலேயே அச்சிட்டிருக்கும் அளவுக்கு இறுக்குங்கள்.
4. டிரெய்லியர் (பின்னால் கியர் மாற்றும் கை) பிடிப்பு. ஸ்ராமின் டிரான்ஸ்மிஷன் என்ற கியர் அமைப்பு சட்டத்திலேயே நேராகப் பொருந்தும் வகை. அதற்கு 35 நியூட்டன் மீட்டர். டிரெய்லியரைத் தாங்கும் யூடிஎச் ஹேங்கர் உள்ள சட்டத்தில் ஹேங்கர் போல்ட்டுக்கு 25, அதுவும் எதிர்த்திசை மரை. மோட்டாரின் இழுவை இந்த மூலையில்தான் வந்து சேர்கிறது, கைப்பிடி அழுத்தம் போதாது.
5. கிராங்க் போல்ட், செயின்ரிங்கை (முன் பல்சக்கரம்) பிடிக்கும் லாக்ரிங்.
6. சஸ்பென்ஷன் மூட்டுகள். ஷாக்கின் காற்றை இறக்கிவிட்டு, சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தால் எந்த மூட்டு தளர்ந்தது என்று தெரியும். ஒவ்வொன்றாகக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, லாக்டைட் 243 ஒரு சொட்டு வைத்து, சட்டத்தின் கையேட்டிலுள்ள அளவுக்கு இறுக்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள்.
7. மோட்டாரைச் சட்டத்தில் பிடிக்கும் போல்ட்கள். இவை புதிய பைக்கில் முதல் சில வாரத்தில் சற்று உட்காரும், மறுபடி அளவு பார்ப்பது நல்லது.

ஹேண்டில்பாரிலிருந்து வரும் முனகலுக்கு: முன் பிரேக்கைப் பிடித்து, பைக்கை முன்னும் பின்னும் அசையுங்கள். ஆட்டம் இருந்தால் ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்) தளர்ந்திருக்கிறது, இறுக்குங்கள். ஆட்டமில்லை, ஆனால் ஃபோர்க்கின் மேல் கிரீடத்தில் விரல் வைத்தால் "கிளிக்" தெரிகிறது என்றால், ஸ்டீயரர் குழாய் (ஃபோர்க்கை ஹேண்டில்பாரோடு இணைப்பது) கிரீடத்தில் தளர்ந்திருக்கிறது. அதை யாராலும் இறுக்க முடியாது. உத்தரவாதத்தில் மேல்பாகத்தை மாற்றச் சொல்லுங்கள். கேபிள்கள் ஹெட்செட் வழியாக இறங்கும் பைக்கானால் மேல் பேரிங்கில் தண்ணீர் புகும். ஆண்டுக்கு ஒருமுறையாவது பிரித்து கிரீஸ் நிரப்புங்கள்.

பின் டயர் திரும்பத் திரும்பப் பஞ்சர்

எடையைக் குறைத்த கணக்கின் விலை இங்கேதான் நேரடியாகத் தெரியும். 20 கிலோ என்ற எண்ணைக் காட்ட, தயாரிப்பாளர் பின்னால் மேக்சிஸ் நிறுவனத்தின் எக்ஸோ பிளஸ் என்ற மெல்லிய வகை டயரைப் போட்டு அனுப்புவார். அதே டயரின் டபுள்டவுன் என்ற தடித்த வகை சுமார் 200 கிராம் கூடுதல். மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து ஆறேழு கிலோவை நடுவில் சுமக்கும் பைக் கல்லில் மோதும்போது அந்த 200 கிராம்தான் ரிம்மைக் காப்பாற்றுகிறது.

பஞ்சர் எப்படி ஆனது என்று டயரைக் கழற்றிப் பாருங்கள். அருகருகே இரண்டு வெட்டு, அல்லது ரிம்மின் ஓரம் படும் இடத்தில் வெட்டு என்றால் டயர் நசுங்கியிருக்கிறது, முள் குத்தவில்லை. தீர்வு இந்த வரிசையில்: முதலில் காற்று. 80 கிலோ ஆளுக்கு 2.4 அங்குல எக்ஸோ பிளஸில் பின்னால் 25 முதல் 27 பிஎஸ்ஐ, முன்னால் 22 முதல் 24 இல் தொடங்குங்கள். அதிலும் நசுங்கினால் டபுள்டவுன் வாங்குங்கள். அதோடு ரிம் வளைகிறதென்றால் டயருக்குள் வைக்கும் ஃபோம் இன்சர்ட். 30க்கு மேல் காற்று ஏற்றிச் சமாளிப்பவர்கள் பிடிமானத்தை இழக்கிறார்கள். பின்சக்கரம் ஈர வேரில் வழுக்கும், மோட்டார் வலு வீணாகும்.

சீலன்ட் (டயருக்குள் ஊற்றும் ஓட்டை அடைக்கும் திரவம்) 29 அங்குல டயருக்கு 100 முதல் 120 மில்லிலிட்டர். வெயில் காலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குச்சி விட்டு அளவு பாருங்கள்.

முன் டயர் ஒரிஜினல் வகையிலேயே இருக்கட்டும். பின்னால் மட்டும் 200 கிராம் ஏறினால் பைக்கின் துள்ளல் பெரிதாகக் கெடாது.

ஸ்போக் "டிங்" என்கிறது, ஹப் வழுக்குகிறது

34 பல் செயின்ரிங், 52 பல் கடைசிக் கியர். மோட்டார் 85 நியூட்டன் மீட்டர், உங்கள் கால் சராசரி 50 நியூட்டன் மீட்டர் என்று வைத்தால், ஹப்பில் இறங்குவது 200க்கும் மேல். 120 நியூட்டன் மீட்டர் மோட்டாரானால் 260ஐத் தொடும். மோட்டாரில்லாத சைக்கிளுக்கு வடிவமைத்த இலகு ஹப்பும் மெல்லிய ஸ்போக்கும் இதற்கானவை அல்ல. டிடி சுவிஸ் தன் ஹைப்ரிட் ஹப்களில் 24 பல் எஃகு ராட்செட் (மிதிக்கும்போது மட்டும் பிடிக்கும் பல்வளையம்) வைப்பது இதனால்தான். பல் பெரிதாக இருந்தால் தாங்கும். நுண்ணிய பல் ஹப் கிடைத்ததும் பெருமைப்படாதீர்கள், இ-பைக்குக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள்.

புதுச் சக்கரத்தில் ஸ்போக்குகள் உட்கார்ந்தபின் அவற்றின் விறைப்பு குறையும். முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டரில் ஒருமுறை விறைப்பை அளந்து சமன்செய்யச் சொல்லுங்கள். மிதிக்கையில் ஹப் "டக்" என்று வழுக்கினால் உடனே நிறுத்துங்கள். பெரும்பாலும் ராட்செட்டில் தவறான, கெட்டியான கிரீஸ் போட்டுப் பற்கள் ஒட்டாமல் இருக்கும். துடைத்து, அதற்கென உள்ள கிரீஸை மெல்லியதாகப் பூசினால் சரியாகும். பல் முனை மழுங்கியிருந்தால் ஜோடியாக மாற்ற வேண்டும்.

செயின் தாவுகிறது, அறுந்துபோகிறது

செயின் செக்கரில் 0.5 (சதவீத நீட்சி) காட்டினால் மாற்றிவிடுங்கள். ஸ்ராம் 0.8 வரை விடலாம் என்கிறது. ஆனால் முழு வலு மோட்டாரில் 0.8 வரை ஓட்டினால் கேசட்டும் கூடவே போகலாம், செயினைவிட அது பல மடங்கு விலை.

அறுந்த செயின் பெரும்பாலும் சுமையோடு கியர் மாற்றியதால் அறுந்தது. கியரை அழுத்தும் அந்த அரைச் சுற்றில் காலைத் தளர்த்துங்கள். ஸ்ராம் டிரான்ஸ்மிஷன் சுமையிலும் மாற்றும்படி வடிவமைத்தது. கேபிள் கியருக்கு அந்தச் சலுகை இல்லை. ஷிமானோவின் லிங்க்கிளைடு வகைக் கியர் எடை கூடுதல், ஆனால் வெகுநாள் உழைக்கும். எடை பிரியர்கள் அதை வெறுப்பார்கள், தினம் ஓட்டுபவர்கள் மாற்ற மாட்டார்கள்.

மின் கியர் மட்டும் செத்துப்போனால், டிரெய்லியர் தன் சொந்த பேட்டரியில் ஓடுகிறதா, பைக்கின் பெரிய பேட்டரியில் வயர் போட்டு ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டாவது வகையில் பெரிய பேட்டரியைக் கழற்றினால் கியரும் அணையும். ஸ்ராமின் கைப்பிடி பட்டனுக்குச் செல் சிஆர்2032.

பிரேக் அலறுகிறது, பிடிப்பதில்லை

எண்ணெய் பட்டிருக்கிறது. டிஸ்க்கை ஐசோபுரோப்பைலில் துடைத்து, பேடை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, பிறகு பழக்குங்கள்: நடக்கும் வேகத்துக்கு இறங்கும் வரை மிதமாக 20 முறை, சற்று வேகத்திலிருந்து 10 முறை, சக்கரம் பூட்டக் கூடாது. அலறல் நிற்காவிட்டால் பேடைத் தூக்கிப் போடுங்கள். ஷிமானோ பேடில் உராய்வுப் பொருள் 0.5 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்ற வேண்டும். அவர்களின் டிஸ்க் 1.8இல் தொடங்கி 1.5இல் முடிகிறது. ஷிமானோவுக்கு மினரல் ஆயில். ஸ்ராமின் கோட் போன்ற பிரேக்குகளுக்கு டாட் 5.1 திரவம், ஆனால் அவர்களின் மேவன் பிரேக்குக்கு மினரல் ஆயில். மாற்றி ஊற்றினால் சீல்கள் ஊதிப்போகும். இலகுவுக்காகப் பின்னால் 180 டிஸ்க் போட்ட பைக்கானால், சட்டம் அனுமதித்தால், 200 அல்லது 203க்கு மாற்றுங்கள்.

செங்குத்தில் முன்சக்கரம் எழும்புகிறது

முன்பக்கம் இலகு, பின்னால் தள்ளும் வலு பெரிது. நீங்கள் ஏறி உட்காரும்போது ஷாக் எவ்வளவு அமிழ்கிறது என்று அளந்து பாருங்கள்: 60 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் ஷாக்கில் 30 சதவீதம் என்றால் 18 மில்லிமீட்டர். 22, 23 அமிழ்ந்தால் பின்பக்கம் உட்கார்ந்து முன்பக்கம் எழும்பும். சீட்டைத் தண்டவாளத்தில் 5 முதல் 10 மில்லிமீட்டர் முன்னால் தள்ளுங்கள். பிறகு செயலியில் உதவியின் தொடக்க வேகத்தை ஒரு படி குறையுங்கள். மிதிப்பதை நிறுத்திய பின்னும் மோட்டார் தள்ளும் நீட்டிப்பு வசதி கூர்மையான வளைவில் தொல்லை தந்தால் அதையும் குறைத்துக்கொள்ளலாம்.

சார்ஜ் ஏறவில்லை, அல்லது சிவப்பு எச்சரிக்கை

பாஷ் பேட்டரி 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரைதான் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். குளிரில் வந்த பைக்கை அறைக்குள் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுச் செருகுங்கள். 680007 வந்தால் வெப்பநிலை எல்லை மீறியது, காத்திருந்தால் போகும். 660001 அல்லது 660002 வந்தால் சார்ஜும் ஏற்றக் கூடாது, ஓட்டவும் கூடாது, நேரே விற்பனையாளரிடம்.

600 வாட் ஹவரை 4 ஆம்பியர் சார்ஜரில் நிரப்பக் குறைந்தது நான்கு மணி நேரம் ஆகும், கடைசிப் பகுதி மெதுவாகத்தான் ஏறும். அதை "சார்ஜர் பழுது" என்று நினைக்க வேண்டாம். குளிர்காலத்தில் சும்மா வைப்பதானால் 30 முதல் 60 சதவீதத்தில், 10 முதல் 20 டிகிரியில்.

கீழே விழுந்து நசுங்கிய, வீங்கிய, இனிப்பு வாசனை வரும் பேட்டரியை வீட்டுக்குள் வைக்காதீர்கள், சார்ஜரில் போட்டுப் பார்க்காதீர்கள், கூரியரில் அனுப்பாதீர்கள். திறந்த வெளியில், எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாமல் வைத்துவிட்டு விற்பனையாளரை அழையுங்கள். சேதமில்லாத பேட்டரியையும் பயணி விமானத்தில் கொண்டுபோக முடியாது. வரம்பு 160 வாட் ஹவர், ஆகவே 250 வாட் ஹவர் கூடுதல் பேட்டரியும் உள்ளே வராது. பைக்கை மட்டும் பெட்டியில் கட்டி, பேட்டரியைப் போய்ச் சேரும் ஊரில் வாடகைக்கு எடுப்பதானால், கனெக்டரும் மென்பொருள் தலைமுறையும் பொருந்துமா என்று கடையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பாஷின் பழைய சிஸ்டம் பேட்டரி ஸ்மார்ட் சிஸ்டம் பைக்கில் வேலை செய்யாது.